மாப்பிள்ளை பர்மனெண்டா?

கல்யாணத் தரகன் என்பவன் இரண்டு வீட்டிலும் சாப்பிட்டு, இரண்டு வீட்டிலும் திட்டு வாங்குகிறவன். கல்யாணம் நன்றாக அமைந்துவிட்டால் அது அவர்கள் பிள்ளைகளின் அதிர்ஷ்டம். மருமகள் வைத்த சாம்பாரில் உப்பு குறைந்தால் மட்டும், "அந்தத் தரகன் பார்த்த இடந்தானே!" பெண்ணைப் பெற்றவர்கள், பிள்ளையைப் பெற்றவர்கள், தெரிந்தவர்களுக்கு ஒரு வரன் சொல்லப்போய் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் என் கட்சிதான். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நான் இந்தத் தொழிலில் இறங்கியது 1991ல். படப்பையில் குடியிருந்தேன். ஒரகடம், சேரப்பணஞ்சேரி, வல்லக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் என்று சைக்கிளில் சுற்றுவேன். இன்றைக்கு அந்த ரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்து போகிறவர்கள் நம்பமாட்டார்கள். அன்றைக்கு அது ஏரியும் வயலும் செங்கல் சூளையும் கல்குவாரியுமாகக் கிடந்தது. கம்பெனி என்று சொல்ல ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலை ஓரம் சில இருந்தன. மற்ற வேலைக்கெல்லாம் தாம்பரம், அம்பத்தூர்தான்.

சாதி, ஜாதகம், பொருத்தம் எல்லாம் அவரவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் எந்தச் சாதிக்காரர் வீட்டுக்குப் போனாலும், கோயிலுக்குப் போகிற வீடானாலும் சர்ச்சுக்குப் போகிற வீடானாலும், என்னை உட்காரச் சொல்வதற்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிடும். "மாப்பிள்ளை பர்மனெண்டா?"

பூட்டிய கேட்

தரகனாவதற்கு முன்னால் நான் அம்பத்தூரில் ஒரு பல்பு கம்பெனியில் வேலை பார்த்தேன். பர்மனெண்ட். நீலச் சட்டை, தீபாவளிக்குப் போனஸ், கேண்டீனில் மலிவு விலைச் சாப்பாடு எல்லாம் உண்டு. ஒரு திங்கட்கிழமை காலை டிபன் பாக்ஸோடு போய் நின்றால் கேட்டில் பூட்டு. பக்கத்தில் ஒரு நோட்டீஸ். படிக்கத் தெரிந்தவர்கள் படித்துவிட்டுத் திரும்பினார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு அவர்கள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. எதிரில் இருந்த வேப்பமரத்தடியில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தோம். பிறகு, எதற்கு வீணாக்க வேண்டும் என்று டிபன் பாக்ஸைத் திறந்து எல்லோரும் பகிர்ந்து சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பினோம். அவ்வளவுதான் பர்மனெண்ட்.

என் மனைவி சரோஜா அழவில்லை, கத்தவில்லை. பக்கத்துத் தெருவில் இட்லி மாவு அரைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். அந்தச் சமயத்தில் என்னோடு வேலை பார்த்தவரின் தம்பிக்கு நான் பேச்சுவாக்கில் சொன்ன ஒரு பெண் அமைந்துவிட்டது. எனக்கு ஒரு வேட்டியும் தாம்பாளத்தில் பழமும் கொடுத்தார்கள். அடுத்த வாரமே இரண்டு பேர் வீடு தேடி வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலம் சரோஜாவிடம், "இனிமே இதுதான் நம்ம தொழில். ஆனா ஒண்ணு. மாப்பிள்ளை பர்மனெண்டான்னு தீர விசாரிச்சிட்டுத்தான் ஒரு வூட்டு வாசப்படிய மிதிப்பேன்" என்று பெருமையாகச் சொன்னேன்.

அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "உங்களைக் காட்ன தரகரும் எங்க நைனாகிட்ட பர்மனெண்டுன்னுதான் சொன்னாரு."

ஒரு டம்ளர் காப்பி

எங்கள் தெருவில் செல்வம் என்று ஒரு பையன். அப்பா இல்லை, அம்மாவுக்கு மூட்டுவலி. சமையல், தண்ணீர் எடுப்பது, அம்மாவுக்குத் தைலம் தேய்ப்பது எல்லாம் அவன்தான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பம்பு கம்பெனியில் டெம்ப்ரரி. பர்மனெண்ட் ஆட்கள் செய்கிற அதே வேலை, அதே மெஷின், அதே டீ. சம்பளம்தான் பாதி. வேலையில் சேர்ந்து நாள் கணக்குப்படி பர்மனெண்ட் ஆகிற உரிமை வந்துவிடும் என்கிற சமயம் பார்த்து நாலு நாள் நிறுத்திவிடுவார்கள். அதற்கு 'பிரேக்' என்று பெயர். அப்புறம் புதிதாகச் சேர்ந்த மாதிரி மறுபடி உள்ளே விடுவார்கள். செல்வம் அந்தக் கம்பெனியில் பலமுறை புது ஆளாகச் சேர்ந்திருந்தான்.

இவனுக்கு ஒரு பெண் பார்க்கலாம் என்று சேரப்பணஞ்சேரி ஏகாம்பரம் வீட்டுக்குப் போனேன். கொஞ்சம் நிலம், இரண்டு மாடு, ஒரே மகள். வேலையைப் பற்றிய பேச்சைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, பையனின் குணத்தை அளக்க ஆரம்பித்தேன். பீடி கிடையாது, குடி கிடையாது, அம்மாவைத் தாங்குகிறான், அவன் வைக்கிற மீன் குழம்பு தெருவையே இழுக்கும். ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டு ரசித்துக் கேட்டார். அவர் மனைவி சுடச்சுடக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். காரியம் பழம்தான் என்று டம்ளரை எடுத்தேன். ஏகாம்பரம் கண்ணைத் திறந்து அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"இப்போதைக்கு டெம்ப்ரரி. கூடிய சீக்கிரம்..." என்றேன். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதா, கீழே வைப்பதா என்று தெரியவில்லை. ஏகாம்பரம் என் தர்மசங்கடத்தைப் பார்த்துச் சிரித்தபடி சொன்னார்: "குடிய்யா. பையனுக்கு ஆகும்போது ஆவட்டும். இந்த வூட்ல காப்பி உனக்கு எப்பவுமே பர்மனெண்டு."

நீலச் சட்டை

இரண்டு மூன்று இடம் இப்படித் தட்டிப்போனதும் செல்வத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. பம்பு கம்பெனியில் பர்மனெண்ட் ஆட்களுக்கு நீலச் சட்டை, டெம்ப்ரரிக்குக் காக்கி. சுங்குவார்சத்திரத்தில் பெண் பார்க்கப் போன அன்று, பையன் பளபளவென்று நீலச் சட்டையில் வந்து நின்றான். "ஏதுடா இது?" என்றேன். "ஷிப்ட் முடிஞ்சி நேரா வர்றேன் அண்ணே, மாத்த நேரமில்ல" என்றான். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. சில விஷயங்களைத் தரகன் கேட்காமல் இருப்பதே தொழில் தர்மம்.

பஜ்ஜி வந்தது, பெண் வந்தாள், எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது பெண்ணின் தாய்மாமன் ரங்கன் தோட்டத்துப் பக்கமிருந்து கை கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். செல்வம் பஜ்ஜியை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் எழுந்து நின்றான். ரங்கன் அதே கம்பெனியில் அதே லைனில் லீடர். அவர் நேரே வந்து, சட்டைப் பையின் மேல் நூலில் தைத்திருந்த பெயரைக் கண்ணை இடுக்கிப் படித்தார். 'முனுசாமி' என்று இருந்தது. முனுசாமி அன்றைக்கு லீவில் இருப்பது அவருக்குத் தெரியும்.

உதைதான் விழப்போகிறது என்று நான் என் செருப்பு எங்கே கிடக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டேன். ரங்கன் செல்வத்தின் தோளில் கைபோட்டு உட்காரவைத்து, இன்னொரு பஜ்ஜியை அவன் தட்டில் வைத்துவிட்டு, எங்கள் பக்கம் திரும்பினார்: "சட்டை பர்மனெண்டுதான். உள்ள கீற ஆளுதான் டெம்ப்ரரி."

ஜலதோஷம்

படப்பையை ஒட்டி மேரி அம்மாள் என்று ஒருவர். கணவர் தச்சு வேலை; வேலை இருக்கிற நாளில் இருக்கும், இல்லாத நாளில் இருக்காது. மகள் ஸ்டெல்லாவுக்கு இடம் பார்த்தார்கள். நான் சொன்ன பையன் சைக்கிள் கடை வைத்திருந்தான். நிலையான வருமானம் என்று சொல்ல முடியாது. ஆனால் அவனுடைய அப்பா அந்தோணி, ரயில்வேயில் கேட்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதம் பிறந்தால் பென்ஷன். அந்த வார்த்தையைக் கேட்டதும் மேரி அம்மாள் முகம் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் மாதிரி பிரகாசமாகிவிட்டது.

பையன் வீட்டுக்குப் போனோம். பையனை யாரும் பார்க்கவேயில்லை. அவன் தலையை வாரிக்கொண்டு, பவுடர் போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தான். விசாரணை முழுவதும் அந்தோணியிடம்தான். சர்க்கரை உண்டா? பிரஷர் உண்டா? படி ஏறினால் மூச்சு வாங்குமா? "அண்ணன் கொஞ்சம் வாசல் வரைக்கும் நடந்து காட்டுங்க" என்றுதான் சொல்லவில்லை. அந்தோணிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் மனிதர் குஷியாகி, தண்ணீர்க் குடத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்காட்டினார். சம்பந்தம் அப்போதே முடிவாகிவிட்டது. கிளம்பும்போது அவர் லேசாக ஒரு தும்மல் போட்டார். மேரி அம்மாள் பதறிப்போய் என்னைத் தனியே இழுத்துக்கொண்டுபோய்ச் சொன்னாள்: "தரகரே, மாப்பிள்ளைக்கு ஜலதோஷம் வந்தா பரவால்ல. மாமனாருக்கு வரக்கூடாது, பாத்துக்கச் சொல்லு."

மேடையும் வீடும்

அந்த வருஷம் டீக்கடைக்குப் போனாலே பயமாக இருக்கும். நாட்டின் தங்கத்தையே வெளிநாட்டில் அடகு வைத்துவிட்டார்களாம் என்று பேப்பரைச் சத்தமாகப் படிப்பார்கள். நாடே நகையை அடகு வைத்திருக்கும்போது ஒரு தரகன் எந்த முகத்தோடு போய், பெண்ணுக்கு என்ன நகை போடுவீர்கள் என்று கேட்பது? எனவே நானும் நிம்மதி தேடி, பம்பு கம்பெனி வாசலில் நடக்கும் கேட் மீட்டிங்கில் ஓரமாக நின்று கேட்பது உண்டு. யூனியன் செயலாளர் கோபால் பேசினால் தார் ரோடு உருகும். "தொழிலாளியைப் பர்மனெண்ட் என்றும் டெம்ப்ரரி என்றும் பிரிக்காதே! காற்றைப் போல, தண்ணீரைப் போல, நாளைக்கும் சோறு உண்டு என்கிற நம்பிக்கை ஒவ்வொரு மனுஷனுக்கும் பிறப்புரிமை!" நான் கைதட்டினேன். கைதட்டும்போதே மூளையில் பல்பு எரிந்தது. கோபாலுக்குக் கல்யாண வயதில் ஒரு மகள் இருந்தாள்.

மறுநாளே போய்ச் செல்வத்தைப் பற்றிச் சொன்னேன். இவரை விட்டால் டெம்ப்ரரிக்குப் பெண் கொடுக்க யார் இருக்கிறார்கள்? கோபால் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, விசிறியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். "நல்ல பையன்தான். நம்ம போராட்டத்துக்கெல்லாம் முன்னாடி நிப்பான். பர்மனெண்ட் எப்ப ஆவுறான்?" என்றார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது. விசிறி வேகமாக ஆடியது.

"நேத்து மேடையில வேற மாதிரி சொன்னீங்களே?" என்றேன். ரொம்ப உண்மையாகவே சொன்னார்: "தோழர், எல்லாருக்கும் அந்த உரிமை வந்துடுச்சின்னா நான் பையனோட கொணத்த மட்டும் பாத்து பொண்ணு குடுப்பேன். அது வர்ற வரைக்கும் மேடையில நான் செயலாளர், வூட்ல நான் பொண்ண பெத்தவன்."

கன்னியம்மாள் கேட்டது

வல்லம் பக்கம் கல்குவாரியில் ஜல்லி உடைக்கிற கன்னியம்மாளை முதலில் பார்த்தபோது, அவள் எனக்குப் பிரச்சினை கொடுக்காத கட்சி என்று நினைத்தேன். புருஷன் அதே குவாரியில் பாறை சரிந்து செத்துப்போனவர். அதற்கு மறுவாரமே, பத்தாவது முடித்திருந்த மகளையும் வைத்துக்கொண்டு, அவர் விட்டுப்போன சுத்தியலை எடுத்துக்கொண்டு அவள் வேலைக்குப் போனாள். வேறு வழி இல்லை. அவர் இறந்ததற்கு யாரும் ஒன்றும் தரவில்லை. கூலிக்காரர் பெயர் எங்கேயும் பதிவில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மகள் தேவகிக்கு நான் ஒரு டிரைவர் பையனைச் சொன்னேன். பர்மனெண்டா என்று கேட்கப்போகிறாள் என்று பதில் தயாராக வைத்திருந்தேன்.

அவள் அதைக் கேட்கவில்லை. முந்தானையால் முகத்துத் தூசியைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் புள்ள செத்துட்டா எம் பொண்ணுக்கு சோறு வருமா?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்யாணப் பேச்சு எடுக்கிற இடத்தில் கேட்கிற கேள்வியா இது? "என்னம்மா, அபசகுனமா..." என்று ஆரம்பித்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன். நான் சொன்ன ஒவ்வொரு பையனுக்கும் அதே கேள்வி. டிரைவருக்கு, கொத்தனாருக்கு, பழக்கடைக்காரருக்கு. பெண் பார்க்கக் கிளம்பிய மேஸ்திரி ஒருவர் இவள் கேள்வியைப் பற்றிக் கேள்விப்பட்டு, மகனை இழுத்துக்கொண்டு பாதி வழியிலேயே திரும்பிவிட்டார்.

பம்பு கம்பெனி ரங்கனைப் பார்த்தபோது விசாரித்தேன். பெண் பார்த்த இடத்துப் பஜ்ஜிக்குப் பிறகு அவர் எனக்குச் சிநேகிதராகியிருந்தார். "பர்மனெண்ட் ஆளு போய்ட்டா பொண்டாட்டிக்கு மாசாமாசம் ஏதோ கொஞ்சம் வரும். டெம்ப்ரரி போய்ட்டா கம்பெனி சார்பா மாலை வரும்" என்றார். அதைக் கன்னியம்மாளிடம் அப்படியே சொல்ல மனசு வரவில்லை. எல்லோரும் இப்படிக் கேட்டால் ஊரில் யாருக்குத்தான் கல்யாணம் நடக்கும் என்று மட்டும் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்: "நான் காரா கேக்குறேன், பங்களாவா கேக்குறேன்? ஒருத்தன் பூட்டா அவன் பொண்டாட்டி மறுநாளு கல்லு ஒடைக்க வரக்கூடாது. அது கேக்குறது கூடவா அதிகம், தரகரே?"

சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கு இரண்டு வீடுகளுக்குப் போகவேண்டியிருந்தது, போகவில்லை.

கேட்காமல் விட்ட ஆள்

கொஞ்ச நாள் அந்தப் பக்கம் போவதையே தவிர்த்தேன். ஒருநாள் ஒரகடம் கூட்ரோட்டில் தேவகியே என்னைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவைப் போல அதிர்ந்து பேசமாட்டாள். ஆனால் நினைத்ததை விடமாட்டாள். "அண்ணே, நீங்க எல்லா ஊரும் சுத்துறீங்களே, ஷூ கம்பெனி வேன் இங்க எந்நேரத்துக்கு வருது?" என்றாள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் புதிதாக வந்த ஷூ கம்பெனியில் தையல் மெஷினுக்குப் பெண்களை எடுப்பதாகப் பேச்சு இருந்தது. பத்தாவது படித்திருந்தால் போதும். முதலில் டிரெய்னிங், தேறினால் பர்மனெண்ட். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவள் தானே போய், தைத்துக்காட்டி, வேலையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் கன்னியம்மாள் என் வீட்டு வாசலில் வந்து சண்டைக்கு நின்றாள். வயசுப்பெண்ணை வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள் என்று என்னைப் பிடித்து உலுக்கினாள். பின்னாலேயே தேவகியும் வந்துவிட்டாள். சரோஜா இரண்டு பேரையும் உட்காரவைத்து, சுட்ட இட்லியை ஆளுக்கொரு தட்டில் வைத்தாள். இட்லி உள்ளே போனதும் குரல் கொஞ்சம் இறங்கியது. "எவனாச்சும் ஒருத்தன் நம்பிக்கையா அமைஞ்சா நீ ஏண்டி வேலைக்குப் போவணும்?" என்றாள் கன்னியம்மாள். தேவகி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சுத்தியல் பிடித்துக் காய்த்துப்போன கை. "ஊர்ல கீற பசங்களையெல்லாம் நிக்கவெச்சி சோறு வருமா, சோறு வருமான்னு கேட்டியே, என்கிட்ட ஒரு தபா கேட்டியாம்மா?"

வேன் வந்த பிறகு

டிரெய்னிங் முடிந்து தேவகி பர்மனெண்ட் ஆன செய்தி எனக்கு வருவதற்கு முன்பே மாப்பிள்ளை வீட்டாருக்குப் போய்விட்டது. பாதி வழியில் திரும்பிப்போன அதே மேஸ்திரி, மகனுக்குத் தலைவாரிக் கூட்டிக்கொண்டு வந்து என் வீட்டில் உட்கார்ந்திருந்தார். யார் யாரோ வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விதான், ஆள் மட்டும் மாறியிருந்தது. "பொண்ணு பர்மனெண்டாமே?" சம்பளத்தை யாரிடம் கொடுப்பாள் என்று இரண்டாவது கேள்வி. தேவகி அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டவர்களுக்கெல்லாம் தண்ணீர் மட்டும் கொடுத்து அனுப்பினாள்.

செல்வத்தைப் பற்றித் தேவகியிடம் நான் கூசிக் கூசித்தான் சொன்னேன். டெம்ப்ரரி, இன்னும் ஒரு பிரேக் வரப்போகிறது, வீட்டில் மூட்டுவலி அம்மா. நீலச் சட்டைக் கதையையும் நானே சொல்லிவிட்டேன். அப்புறம் ரங்கன் மூலமாகத் தெரிந்தால் என் பெயர் கெடும். அவள் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "கூட்டினு வாங்க, பாக்கலாம்" என்றாள். செல்வம் இந்த முறை காக்கிச் சட்டையோடு வந்தான். கன்னியம்மாள் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். அவன் மழுப்பவில்லை. "எங்க கம்பெனில ஒண்ணும் வராதுங்க. நான் இருக்கிற வரைக்கும் ஒழைப்பேன், நல்லா சமைப்பேன். அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல" என்றான். கன்னியம்மாளுக்கு முகம் விழுந்துவிட்டது. தேவகிதான் முடித்துவைத்தாள்: "வூட்டுக்கு ஒரு பர்மனெண்டு போதும்மா. இன்னொரு ஆளு மீன் கொழம்பு வெச்சா சரி."

முகூர்த்தம்

வல்லக்கோட்டை முருகன் கோயிலில் கல்யாணம். செல்வம் சூப்பர்வைசரிடம் லீவு கேட்டான். "கல்யாணமா? ரொம்ப சந்தோஷம். தாராளமா போ. வரும்போது புதுசா அப்ளிகேஷன் போட்டுக்க" என்று பதில் வந்தது. டெம்ப்ரரிக்குக் கல்யாணத்துக்குக்கூட லீவு கிடையாது. இருக்கிற வேலையையும் விட்டுவிட்டுத் தாலி கட்டுவதா? நானும் கன்னியம்மாளும் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். ரங்கன்தான் ஷிப்டை மாற்றிப்போட்டு வழி பண்ணினார். இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்து தாலி கட்டவேண்டும். மறுபடி இரவு ஷிப்டுக்குப் போய்விடவேண்டும். மாப்பிள்ளையைக் கேட்டிலிருந்து தன்னுடைய மொபெட்டிலேயே ஏற்றிக்கொண்டு, ஊர் விழிப்பதற்குள் கோயிலுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

கோயில் குளத்தில் மூன்று முறை தேய்த்தும் கையில் கிரீஸ் போகவில்லை. மஞ்சள் கயிற்றில் கருப்பாக விரல் ரேகை பதிந்ததுதான் மிச்சம். தாலி கட்டுகிற வரை பையன் எப்படியோ கண்ணைத் திறந்து வைத்திருந்தான். கட்டி முடித்து, குருக்கள் மந்திரம் சொல்ல, புகை இதமாக எழும்ப, மாலையோடு உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான். தலை மெதுவாகச் சாய்ந்து தேவகியின் தோளில் விழுந்தது. பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். கோபால், ஏகாம்பரம், மேரி அம்மாள், பென்ஷன் அந்தோணி எல்லோரும் வந்திருந்தார்கள். கோபால் முகத்தைத் திருப்பிக்கொண்டு துண்டால் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். புகை என்று சொன்னார்.

"மாப்பிள்ளைய எழுப்பும்மா, இன்னும் பாக்கி இருக்கு" என்றார் குருக்கள். தேவகி தோளை அசைக்காமல், சின்னக் குரலில் சொன்னாள்: "தாலிதான் கட்டியாச்சே, தூங்கட்டும் ஐயரே. நான் முழிச்சிகினுதானே கீறேன்."

மறுவருஷம் கன்னியம்மாள் குவாரிக்குப் போவதை மகள் நிறுத்திவிட்டாள். செல்வத்துக்கு அந்தக் கம்பெனியில் கடைசி வரை பர்மனெண்ட் ஆகவில்லை. வீட்டில் ஒரு சம்பளம் நிச்சயம் என்று ஆனதும் அவனுக்கே ஒரு தைரியம் வந்து, பிரேக்குக்குக் காத்திருக்காமல் வேலையை விட்டுவிட்டு, ஒரகடம் கூட்ரோட்டில் சின்னதாகச் சாப்பாட்டுக் கடை போட்டான். ரோட்டோரம் ஒவ்வொன்றாகக் கம்பெனிகள் வந்து இறங்கியபோது அவன் மீன் குழம்புக்கு வரிசை நின்றது. வரிசையில் நின்ற பையன்களில் பாதிப்பேர் கான்ட்ராக்ட். எனக்கும் தொழிலில் குறைவில்லை, திட்டிலும் குறைவில்லை.

நாளைக்கும் சோறு உண்டு என்பதை எல்லோருக்கும் உரிமையாக எழுதிக்கொடுத்துவிட்டால் கன்னியம்மாளின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும், எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் அன்றைக்கு எல்லோரும் பையனின் குணத்தை மட்டும் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள், அதில் தேறுகிறவன் ஊருக்கு ஒருத்தன் கிடைப்பானா, அப்புறம் நான் ஒரு கல்யாணத்தைக்கூட முடித்துவைக்க முடியாது.